சும்மா விட வேண்டிய செடி

செடி சாய்ந்திருந்தது. ரொம்ப இல்லை. தொப்பியை ஒரு பக்கமாகச் சரித்துப் போட்டுக்கொண்ட ஆளைப் போல, கொஞ்சம்தான். ஆனால் பொஹுமில் வோண்ட்ரா, தொப்பியை நேராகப் போடாத ஆட்களுக்கு வழிகூடச் சொல்லாதவர்.

அவர் மனைவி ஹெட்விகா ஒமாஹாவுக்குப் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகள் மார்லாவுக்கு முதல் பிரசவம். குழந்தை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அம்மா கோடை முழுக்க அங்கே இருந்தாக வேண்டியதாயிற்று. காரில் பெட்டியை ஏற்றும்போது ஹெட்விகா கணவரிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்.

"கூம்புப்பூச் செடியை மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம். பாக்கணும்னு தோணிச்சுன்னா பாருங்க. அதோட நிறுத்திக்குங்க."

"நான் என்ன பண்ணிடப் போறேன்?"

"அதான் எனக்கும் கவலை," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

வோண்ட்ரா வீட்டுக் கூம்புப்பூவை அறியாதவர் லிபுஷா ஊரில் கிடையாது. நடுவில் முள்முள்ளாகச் செம்பழுப்புக் கூம்பு. அதைச் சுற்றி ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ்கள். பூ அழகுக்கு, வேர் மருந்துக்கு. பொஹுமிலின் கொள்ளுத்தாத்தா காலத்தில் நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் பல் டாக்டர் கிடையாது. பல்வலி வந்தால் இந்த வேரைத்தான் மெல்லுவார்கள். நாக்கும் ஈறும் மரத்துப்போகும். ஊர் ஊராக வேர் விற்க வந்தவர்கள் கண்ட வேரையும் தலையில் கட்டிவிட்டுப் போகவே, கடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். அந்தப் பழக்கம் ஜில்லா கண்காட்சியில் இன்றைக்கும் இருக்கிறது. ஆளுக்கு மூன்று பூத்தண்டும் விரல் நீளத்துக்கு வேரும் கொடுக்க வேண்டும். நடுவர் பூவைப் பார்ப்பார். பிறகு வேரைக் கடிப்பார். யாருடைய வேர் நடுவரின் வாயை அடைக்கிறதோ அவருக்கு வெள்ளிக் கோப்பை.

அந்தக் கோப்பை கொள்ளுத்தாத்தா நாளிலிருந்து வோண்ட்ரா வீட்டு முன் ஜன்னலில்தான் இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி. வேறு எந்த வீட்டு ஜன்னலையும் அது பார்த்ததில்லை. அந்தக் குடும்பத்தில் பெண்கள் செடியைப் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் கோப்பையைத் துடைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம்தான் பொஹுமில் ரிட்டயர் ஆகியிருந்தார்.

ஜில்லா சாலைத் துறையில் அவர் சூப்பர்வைசர். சாலையோரப் பள்ளங்களில் எது தலைகாட்டினாலும் புல்வெட்டும் வண்டியை விட்டு மழித்துவிடுவது அவர் பொறுப்பு. காட்டுக் கூம்புப்பூவும் அதில் அடக்கம். வீட்டில் இருந்தால் அது குடும்ப கௌரவம், பள்ளத்தில் முளைத்தால் களை. இதில் முரண் இருப்பதாக அவருக்கு ஒருநாளும் பட்டதில்லை. செடியின் பெருமை அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி.

சாய்ந்ததை நிமிர்த்துவது 'பண்ணுவதில்' சேராது என்று தீர்மானித்து, குனிந்து செடியை நிமிர்த்தினார். விரலால் மண்ணை அழுத்தினார். மண் சாலை போட்ட மாதிரி இறுகிக் கிடந்தது. இதில் எந்தச் செடி வளரும்? நல்ல குடும்பத்துச் செடியைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறாளே என்று அவருக்கு மனைவிமேல் வருத்தம் வந்தது.

மறுநாள் காலையில், பால் பண்ணை வைத்திருந்த ஒன்றுவிட்ட தம்பியிடமிருந்து ஒரு வண்டி மாட்டெரு வந்து இறங்கியது.

மண்ணைக் கிளறி எருவைக் கலக்கும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, கையளவு. இந்தத் தெருவில் குப்பை என்றால் அது ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் வரமுடியும். பொஹுமில் அதை வேலிக்கு மேலே ஹார்லன் டீட் வீட்டுப் பக்கமாக வீசி எறிந்தார்.

அடுத்த வீட்டு ஹார்லன் தனிக்கட்டை. ஒரு காலத்தில் பொஹுமிலுக்குக் கீழே புல்வெட்டும் வண்டி ஓட்டியவன். ஓட்டியதைவிட, வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு அதன்மேலேயே தூங்கியதுதான் அதிகம். அவன் பொறுப்பில் இருந்த சாலையில் மட்டும் பூக்கள் இடுப்பளவு நின்றன. அதற்காகப் பொஹுமில் அவனை எச்சரித்த நாட்களுக்குக் கணக்கில்லை. இப்போது அவன் முற்றத்தில் ஓடாத அறுவடை இயந்திரம் ஒன்று, சரளைக் கல் குவியல், அதன் நடுவே ஒரு மடக்கு நாற்காலி, நாற்காலியில் அவன். முகத்தின்மேல் தொப்பி.

விழுந்த தொட்டியை அவன் எட்டி எடுத்தான். தொட்டியைப் பார்த்தான், பொஹுமிலைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன், மனதை மாற்றிக்கொண்டு, தன் பீர் டப்பாவை அதற்குள் வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது. தொப்பியை மறுபடி முகத்தின்மேல் இழுத்துக்கொண்டான்.

எரு வேலை செய்தது. செடி கரும்பச்சையாகக் கொழுத்து, ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தது. பொஹுமில் காப்பிக் கடையில் நண்பர்களிடம் இதைச் சொன்னார். நான்கு பேரைக் கூட்டிவந்தும் காட்டினார். ஒரு மாதம் ஆகியும் மொட்டைத்தான் காணோம்.

"சூப்பர்வைசர், சோளம் போட்டிருக்கீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். டீட் வீட்டாரோடு வேலிக்கு மேலே பேசுவது வோண்ட்ரா வீட்டில் வழக்கமில்லை.

அன்று ஹெட்விகா போன் செய்தாள். மார்லா நன்றாக இருக்கிறாளாம், சமைப்பதையெல்லாம் சாப்பிட்டுத் தீர்க்கிறாளாம். செடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பொஹுமில் பொய் சொல்லாதவர்.

"வளந்திருக்கு," என்றார்.

"அப்படியா," என்றாள் ஹெட்விகா. பிறகு, காரணமே இல்லாமல், நெடுநேரம் சிரித்தாள். பேரக்குழந்தை வரப்போகிற சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜூலை வெயிலில் அந்தப் பெரிய இலைகள் மத்தியானமானால் தொங்கின. தாகம், வேறென்ன? ரப்பர் குழாயை இழுத்து வந்து காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டார். இன்னும் வளர்ந்தன. தண்டெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி மெதுமெதுவென்று ஆகி, ஒரு இடிமழையில் அத்தனையும் தரையோடு படுத்தன.

படுத்ததை எழுப்பும் வித்தை அவருக்குத் தெரியும். கொட்டகையில் சாலை அளக்க நடும் பழைய அளவுக் குச்சிகள் இருந்தன. சாலைத் துறை அன்பளிப்பாகக் கொடுத்த, வண்டிகளை மறிக்க வைக்கும் ஆரஞ்சு பிளாஸ்டிக் கூம்புகள் இருந்தன. ஒளிரும் நாடாவும் ஒரு சுருள் இருந்தது. தண்டுக்கு ஒரு குச்சி நட்டு, நாடாவால் கட்டி, சுற்றிலும் கூம்புகளை நிறுத்தினார். வரிசை நூல் பிடித்த மாதிரி நின்றது. சாயங்காலம் ஒரு லாரிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி, சாலையை எந்த இடத்திலிருந்து மூடியிருக்கிறார்கள் என்று விசாரித்தார். ஹார்லன் நாற்காலியில் குலுங்குவது வேலி இடுக்கு வழியாகத் தெரிந்தது.

கட்டிய இடங்களில் தண்டு நைந்தது. வெயில்தான் காரணம் என்று பட்டதால், நான்கு கம்பம் நட்டு மேலே தார்ப்பாய் விரித்தார். தார்ப்பாய்க்குக் கீழே ஈரமும் புழுக்கமும் சேர்ந்துகொண்டு, இலைகளெல்லாம் மாவு தூவின மாதிரி வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. பாலில் தண்ணீர் கலந்து தெளித்தால் பூஞ்சை போகும் என்று காப்பிக் கடையில் யாரோ சொன்னார்கள். தண்ணீர் கலப்பது கஞ்சத்தனம் என்று நினைத்தார் பொஹுமில். தம்பியின் பண்ணையிலிருந்து கறந்த பாலை அப்படியே தெளித்தார்.

தெருவில் அத்தனை பூனை இருக்கிறது என்பது அதுவரை ஊருக்கே தெரியாது. அவை செடியை நக்கின. பிறகு செடியின்மேல் படுத்தன. நக்கி முடித்த திருப்தியில் உருண்டு புரண்டன. பொஹுமில் துடைப்பத்தோடு ஓடி வந்து விரட்டிவிட்டு நிமிர்ந்தபோது, உயிரோடு நின்றவை ஏழெட்டுத் தண்டுகள்தான். அவற்றிலும் பூ நான்கோ ஐந்தோ.

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தப் பக்கம் சரியாகக் கண்ணில் பட்டது. ஓடாத இயந்திரத்துக்குப் பின்னால், சரளைக் கல்லுக்கு நடுவில், ஒரு புதர் கூம்புப்பூ. முழங்கால் உயரம்தான். தண்டு ஒவ்வொன்றும் ஆணி அடித்தது போல நேராக நின்றது. உச்சியில் பூ, வெயிலைப் பார்த்து முறைத்துக்கொண்டு. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். ஹார்லன் குளிப்பதற்கே யோசிக்கிறவன்.

கண்காட்சிக்கு மூன்றே நாள் இருந்தது. முன் ஜன்னலில் கோப்பை இல்லாமல் ஒரு வீட்டை அவர் கற்பனை செய்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற ஜனங்கள் அந்தக் காலி ஜன்னலைப் பார்த்து ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். அதுவும் ஹெட்விகா ஊரில் இல்லாத வருஷத்தில். குழந்தையோடு மகள் வந்து நிற்கும்போது, கோப்பை எங்கே அப்பா என்று கேட்டால் என்ன சொல்வது?

அவர் கை வேலிக்கு மேலே போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து சட்டைப் பைக்குள் புகுந்துகொண்டது.

"வேணும்னா வெட்டிக்குங்க, சூப்பர்வைசர்," என்றது தொப்பிக்குக் கீழேயிருந்து ஒரு குரல். "எனக்கு ஆட்சேபணை இல்ல."

"வோண்ட்ரா வீட்டுல அடுத்தவன் செடியைத் தொடமாட்டோம்."

"அடுத்தவன் செடியை," என்று ஹார்லன் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நல்ல கொள்கைதான்."

"நீ போட்டிக்குக் குடுக்கப் போறியா இதை?"

"நானா? என் பேர்லயா? அதுக்கெல்லாம் நான் லாயக்கில்லைன்னு நீங்கதானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க."

அது உண்மை என்பதால் பொஹுமில் சமாதானமடைந்து உள்ளே போனார்.

கண்காட்சி அன்று விடிகாலையில் மார்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் ஹெட்விகா அழுதாள், சிரித்தாள், குழந்தையின் குரலைக் கேட்கவைத்தாள். குழந்தைக்கு வோண்ட்ரா மூக்காம். பொஹுமில் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் கேட்காமலேயே, இந்தத் தடவை செடி அவ்வளவு சரியாக இல்லை, ஆனாலும் கொண்டுபோகிறேன், நம் பெயர் இல்லாமல் அந்த மேஜை இருந்ததில்லை என்றார். தண்டுக்குள் கம்பி செருகலாம் என்று காப்பிக் கடையில் சொன்னதையும், தான் மறுத்துவிட்டதையும் சொன்னார்.

"தெரியும், நீங்க செய்யமாட்டீங்க," என்றாள் அவள், ரொம்பப் பிரியமாக. "நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போங்க."

நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கோப்பையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தோற்றால் அன்றைக்கே தன் கையால் ஒப்படைத்துவிட வேண்டும்; அவர்களாக வீட்டுக்கு வந்து வாங்கிப்போகும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

கண்காட்சிக் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. பன்றி வறுவலும் முட்டைக்கோசும் மணத்தன. போட்டி ஜாடிகளில் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யாருடையது என்பது பதிவு மேஜை டெலோரிஸ் அம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். தீர்ப்பு முடிந்த பிறகுதான் பெயரை உரக்கச் சொல்வார். ஆட்சேபணை இருப்பவர்கள் அதற்கு முன்னால் எழுந்து சொல்லிவிட வேண்டும். பெயர் தெரிந்த பிறகு சொன்னால் அது பொறாமை என்பது ஜில்லாவின் கருத்து.

நடுவர் லுவான் பீட்டர்ஸன் பக்கத்து ஜில்லாக்காரர். பார்ப்பதை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லியபடியே தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது முறை. ஒவ்வொரு ஜாடியாக வந்தவர், பொஹுமிலின் ஜாடி முன்னால் நின்றார். பூக்கள் மூன்றும் ஜாடியின் விளிம்பில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தன.

"இது நல்லா சாப்பிட்டு வளந்த செடி," என்றார் நடுவர். "ரொம்ப நல்லா. தன் காலில நிக்க இதுக்கு யாருமே சந்தர்ப்பம் குடுக்கல." வேரை எடுத்தார். அது தடியாக, வெளுப்பாக இருந்தது. கடித்து, மென்று, காத்திருந்து, விழுங்கிவிட்டார். "கேரட்."

கூட்டம் சிரித்தது. பொஹுமில் தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

அடுத்த ஜாடியில் மூன்று பூக்கள், மூன்று சிப்பாய்கள் மாதிரி. நடுவர் அந்தத் தண்டை விரலால் சுண்டினார். அது விர்ரென்று அதிர்ந்து நின்றது. பட்டினி கிடந்த செடி, கல்லிலும் வெயிலிலும் பாடுபட்ட செடி, அதனால்தான் இந்த நிறம், வேரில்தான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் என்று விளக்கிக்கொண்டே சுண்டுவிரல் பருமனுள்ள அந்தக் கருத்த வேரைக் கடித்தார். மேலே ஏதோ சொல்ல வாய் திறந்தார். சொல் வரவில்லை. கண்ணில் நீர் கட்டியது. டெலோரிஸ் தண்ணீர் கொடுத்தார். அது உதட்டில் நிற்காமல் மோவாயில் வழிந்தது. நடுவர் பேசும் முயற்சியைக் கைவிட்டு, நீல ரிப்பனை எடுத்து அந்த ஜாடியில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் கும்பிடாத குறையாகக் காட்டினார். கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது.

பொஹுமில் கைதட்டவில்லை. அந்தப் பூக்களை அவருக்குத் தெரியும். ஓடாத இயந்திரத்துக்குப் பின்னால் நின்றவை. சுற்றிப் பார்த்தார். தூணோரம், கையில் கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டியோடு ஹார்லன் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டு. அதிலேயே சூது தெரிந்தது.

பொஹுமில் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"பொஹுமில், முதல்ல பேரைப் படிச்சுடறேனே," என்றார் டெலோரிஸ் அவசரமாக.

"பேருக்கு முன்னாடி சொல்றதுதான் முறை."

தூணோரமிருந்து ஹார்லன் தலையை ஆட்டினான். "சூப்பர்வைசர், உக்காந்துருங்க. என் பேச்சைக் கேளுங்க."

அது போதாதா? பொஹுமில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசினார். செடியை வளர்த்தவர்தான் போட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்தச் செடியை யாரும் வளர்க்கவில்லை. இதற்கு ஒருவரும் குனிந்ததில்லை, வியர்த்ததில்லை. கல்லுக்கு நடுவில் போட்டுவிட்டு மறந்துபோன செடி இது. ஊரார் இரவும் பகலும் பாடுபட்டு வளர்த்த செடிகளுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுவந்து வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

"தோத்ததுக்காகச் சொல்லல," என்று முடித்தார். "கோப்பையை நானே கொண்டுவந்திருக்கேன். ஆனா ஒண்ணு. இந்த ஜாடியை இங்க வச்சவங்க எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்துக்குக் கௌரவம்னா என்னன்னே தெரியாது. இதை நான் யார் முன்னாடியும் சொல்லுவேன்."

டெலோரிஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். வேறு வழியில்லாமல் பெயரைச் சொன்னார்.

"ஹெட்விகா வோண்ட்ரா."

முதலில் யாரோ ஒரு பெண்மணி களுக்கென்றார். அதோடு கொட்டகையே வெடித்தது. நடுவர் பீட்டர்ஸன் மரத்த வாயோடு சிரித்தது பார்க்கப் பயங்கரமாக இருந்தது. பொஹுமில் மட்டும் துண்டில் சுற்றிய கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மண்ணில் நட்ட அளவுக் குச்சி மாதிரி நின்றார்.

ஹார்லன் மேஜைக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தான். பனி உருகின கையோடு, பொஹுமில் காப்பிக் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில், ஹெட்விகா அம்மாள் வோண்ட்ரா வீட்டுச் செடியை வேரோடு தோண்டி வந்து தன் முற்றத்தில் அவரே நட்டுவிட்டுப் போனதாகவும், வளர்த்த ஆள் அவர்தான் என்றும் சொன்னான். தன் பங்கு என்று எதுவுமே இல்லை, சத்தியமாக எதுவுமே செய்யவில்லை, வெட்டிக் கொண்டுவர எழுந்ததைத் தவிர. சத்தியம் செய்யாமலேயே இதை ஜில்லா முழுதும் நம்பியது. ஆட்சேபணை வைத்தவர் அதை வாபஸ் வாங்குகிறாரா என்று டெலோரிஸ் கேட்டார்.

"வாங்கிக்கறேன்," என்றார் பொஹுமில். சற்று யோசித்துவிட்டு, "அந்தக் குடும்பத்தைப் பத்திச் சொன்னதையும்," என்றார்.

கோப்பையைத் துண்டிலிருந்து எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். பேத்தி பிறந்த சேதி பரவி, ஒரு தட்டு நிறைய கொலாச்சி வந்தது. பொஹுமிலுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது, பெருமையோ இரண்டையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. கோப்பை ஜன்னலுக்குத் திரும்புகிறது. வோண்ட்ரா கோப்பை, வோண்ட்ரா கையில், வோண்ட்ரா செடிக்காக.

செடிக்காக. அந்த இடத்தில் அவர் நினைப்பு இடறியது.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் ஒரு டீட்டுக்குத் தட்டை நீட்டினார். ஹார்லன் இரண்டு ரொட்டியாக எடுத்துக்கொண்டான்.

"இருக்கட்டும், ஹார்லன். ஒண்ணு மட்டும் சொல்லு. குடும்பத்துச் செடி உன் வீட்டுல இருந்துதுன்னா, நான் இந்தக் கோடை முழுக்க எருப் போட்டு, தண்ணி விட்டு, குச்சி நட்டு, பந்தல் போட்டு, பால் ஊத்தி வளத்தேனே, அது எது?"

ஹார்லன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று முடித்தான்.

"அதுவா, சூப்பர்வைசர்? வேலிக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் போட்டீங்களே, கடையிலேருந்து அதுல வந்தது. 'அவர் கைக்கு ஒரு வேலை இருந்தாத்தான் உன் பக்கம் எட்டிப் பாக்கமாட்டார்'னு சொல்லி ஹெட்விகா அம்மாதான் வாங்கி நட்டுட்டுப் போனாங்க."